ஜீரோ காட்டும் கருவி

கேஸ் டிடெக்டரின் திரையில் எல்லோருக்கும் பிடித்த எண் ஜீரோ. பெர்மிட் எழுதும் அதிகாரிக்குப் பிடிக்கும். தொட்டிக்குள் இறங்கப்போகிறவருக்குப் பிடிக்கும். ஷிஃப்டை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் ஆபரேட்டருக்கும் பிடிக்கும். இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் வேலை வைத்ததும் அந்த ஜீரோதான். காற்று சுத்தமாக இருந்தாலும் ஜீரோ, சென்சார் செத்துக் கிடந்தாலும் ஜீரோ. கருவியைப் பார்த்துக்கொண்டே நின்றால் எது எந்த ஜீரோ என்று யாராலும் சொல்ல முடியாது. அளவு தெரிந்த வாயுவைக் கொண்டுபோய் அதற்குக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கேலிபரேஷன் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். ஐ.டி.ஐ. முடித்ததும் வடசென்னையில் ஒரு சர்வீஸ் கான்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகள், காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரிகள், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் என்று சுற்றினேன். நடுவில் சில வருடங்கள் குவைத்தில் எண்ணெய் வயலில் வேலை. எங்கே போனாலும் பையில் இருப்பவை அநேகமாக அதே சாமான்கள்தான்: கேலிபரேஷன் வாயு சிலிண்டர்கள், ரெகுலேட்டர், டெஃப்லான் குழாய், சென்சார் முகத்தில் மாட்டும் கப், மல்டிமீட்டர், வாக்கி டாக்கி, ஒரு நோட்டு. இவற்றில் விலை குறைந்தது அந்த நோட்டு. ஆனால் பல ஆபத்துகளை எனக்கு முதலில் சொன்னது அதுதான்.

எரியும் வாயுவைக் கண்டுபிடிக்க இன்னும் பரவலாக இருப்பது பெல்லிஸ்டர் சென்சார். அதன் யோசனை பழையது. 1815-ல் ஹம்ஃப்ரி டேவி செய்த சுரங்க விளக்கிலேயே அது இருந்தது. மீத்தேன் கலந்த காற்றில் விளக்கின் சுடர் நீளும், அதன் மேல் நீலநிறத் தொப்பி தெரியும். அதைப் பார்த்தே சுரங்கத் தொழிலாளிகள் வாயுவை மதிப்பிட்டார்கள். வாயுவைக் கொஞ்சம் எரித்துப் பார்த்து அளப்பதுதான் அங்கே நடந்தது. 1920களில் கலிஃபோர்னியாவில் ஆலிவர் ஜான்சன் என்பவர் அதைச் சூடான பிளாட்டினக் கம்பிக்கு மாற்றினார். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனின் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வகத்தில் ஆலன் பேக்கர் இன்றைய பெல்லிஸ்டருக்கு உருவம் கொடுத்தார். உள்ளே கடுகளவில் இரண்டு மணிகள் இருக்கும். இரண்டுக்குள்ளும் பிளாட்டினச் சுருள். ஒன்றின் மேல் பல்லேடியம் மாதிரி வினையூக்கி பூசியிருக்கும், மற்றதில் இருக்காது. இரண்டும் ஏறத்தாழ 500 டிகிரி சூட்டில் இருக்கும். வாயு வந்தால் பூசிய மணியில் மட்டும் அது எரியும். சூடு கூடும், கம்பியின் மின்தடை கூடும், இரண்டு மணிகளையும் இணைத்த மின்பாலம் ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வு 4 முதல் 20 மில்லி ஆம்பியர் கரன்டாக மாறி கண்ட்ரோல் ரூமுக்குப் போகும்.

மீத்தேன் காற்றில் சுமார் 5 சதவீதம் கலந்தால்தான் தீப்பற்றும். அந்த அளவை எல்.இ.எல். என்கிறோம், அதை 100 என்று வைத்து டிடெக்டர் காட்டும். பொதுவாக 20-ல் முதல் அலாரம், 40-ல் அடுத்தது. கேலிபரேஷன் சிலிண்டரில் 2.5 சதவீத மீத்தேன் இருக்கும். அதைக் கொடுத்தால் திரை 50 காட்ட வேண்டும்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பம்ப் ஏரியாவில் ஒரு டிடெக்டர். பெர்மிட் வாங்கியாகிவிட்டது. வாக்கி டாக்கியில் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு டேக் நம்பரைச் சொல்லி, “சார், பைபாஸ் போட்டாச்சா?” என்று கேட்பேன். “போட்டாச்சு, ஆரம்பிங்க” என்று பதில் வந்த பிறகுதான் சிலிண்டரைத் தொடுவேன். பைபாஸ் இல்லாமல் வாயு காட்டினால் ஆலை அதை நிஜமான கசிவு என்று எடுத்துக்கொள்ளும். தண்ணீர் பீய்ச்சும், இயந்திரங்கள் நிற்கும். மழை மறைப்பைக் கழற்றி சென்சாரின் உலோகச் சல்லடையைப் பார்க்கிறேன். எண்ணூர் உப்புக்காற்றுக்கு அதன் ஓரம் பச்சை பூத்திருக்கும். பெயின்டர்கள் வந்துபோன வருடமாக இருந்தால் சல்லடை மேலும் ஒரு கோட்டிங் இருக்கும். சில இடங்களில் குளவி மண்கூடு கட்டி வழியையே அடைத்திருக்கும். அடைத்த சல்லடைக்குப் பின்னால் இருக்கும் சென்சார் எத்தனை நல்லதாக இருந்தாலும் அதற்கு வாயு போய்ச் சேராது, அதுவும் ஜீரோதான் காட்டும்.

கப்பை மாட்டி முதலில் ஜீரோ ஏர், அதாவது சுத்தக் காற்று. கரன்ட் 4.0-ல் நிற்கிறது. பிறகு மீத்தேன். ரெகுலேட்டர் நிமிடத்துக்கு அரை லிட்டர் விடுகிறது, காதை அருகில் வைத்தால் மெல்லிய சீறல் கேட்கும். திரையில் 6, 19, 34 என்று மளமளவென்று ஏறி, 40-க்கு மேல் வேகம் குறைந்து 43-ல் நிற்கிறது. காற்று அடித்தால் இரண்டு குறையும், அதனால் கையால் கப்பை மறைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பொறுக்கிறேன். இந்த இடத்தில்தான் பெரும்பாலான டெக்னீஷியன்களின் விரல் பட்டனுக்குப் போகும். 50 என்று ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. நான் அதற்கு முன் நோட்டை எடுத்து 43 என்று எழுதுவேன். எழுதிய பிறகுதான் 50-க்கு ஏற்றுவேன். வாயுவை நிறுத்தி, ரீடிங் இறங்கி ஜீரோவுக்கு வரும்வரை நிற்பேன். “பைபாஸ் எடுத்துடுங்க சார்” என்று சொல்லி, “எடுத்தாச்சு” என்ற குரல் கேட்காமல் அடுத்த டிடெக்டருக்கு நகரமாட்டேன்.

அந்த 43-ஐ எங்கள் பாஷையில் ஆஸ்-ஃபவுண்ட் என்போம். வந்து பார்த்தபோது இருந்த நிலை. கேலிபரேஷன் சான்றிதழில் எல்லோரும் தேடுவது சரிசெய்த பிறகு வந்த எண்ணைத்தான். அது எப்போதும் 50-ஆகத்தான் இருக்கும், ஏனென்றால் நாங்களே அதை 50 ஆக்கியிருக்கிறோம். 48-ல் இருந்த நல்ல சென்சாரும் 25-ல் இருந்த நோயாளியும் அந்தக் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஆனால் 25-ல் இருந்தது என்றால் என்ன அர்த்தம்? 20-ல் அடிக்க வேண்டிய அலாரம் உண்மையில் 40 ஆன பிறகுதான் அடித்திருக்கும். 40-ல் அடிக்க வேண்டியது 80 வரை பேசாமல் இருந்திருக்கும். எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. போன கேலிபரேஷனிலிருந்து இன்றுவரை எந்த நாளாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட சென்சாரை 50-க்குத் தூக்கிவிட்டுக் கிளம்புவது எனக்குச் சம்மதமில்லை. ஏற்றுவது என்றால் உள்ளே பெருக்கத்தைக் கூட்டுவது. தளர்ந்த வினையூக்கி அதனால் குணமாகாது. மிச்சமிருக்கும் சின்ன சிக்னலோடு அதன் தடுமாற்றத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறோம். பாதிக்கு இறங்கிவிட்டால் சென்சாரை மாற்றச் சொல்வேன். மாற்ற மறுத்தால் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

2019-ல் எண்ணூரில் எல்.என்.ஜி. முனையம் தொடங்கிய பிறகு மணலிப் பக்கத்துக்குக் குழாயில் இயற்கை எரிவாயு வந்தது. அதுவரை நாஃப்தாவையும் எல்.பி.ஜி.யையும் பார்த்துப் பழகியவர்கள் மீத்தேனுக்கு மாறினார்கள். அந்தக் காலத்தில் ஒரு ஆலையின் கம்ப்ரஸர் கொட்டகையில் வழக்கமான கேலிபரேஷனுக்குப் போனேன். பேனலில் எல்லா டிடெக்டரும் ஜீரோ, ஒரு ஃபால்ட் கூட இல்லை. முதல் டிடெக்டருக்கு மீத்தேன் கொடுத்தேன், 21-ல் நின்றுவிட்டது. சிலிண்டரைச் சந்தேகித்து வேறொன்று மாற்றினேன், அதே 21. அடுத்தது 19, அதற்கடுத்தது 24. வாசல் ஓரம், காற்றோட்டமான இடத்தில் இருந்தது மட்டும் 46. நோட்டைப் புரட்டினால் போன முறை எல்லாமே நாற்பத்தேழுக்கு மேல். ஒரு சென்சார் தளரலாம், ஒரே கூரைக்குக் கீழே இருப்பவை ஒன்றாகத் தளர்ந்தால் காரணம் கூரைக்குள்தான் இருக்க வேண்டும்.

மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் வந்து பேனலைப் பார்த்தார். “என்னப்பா, எல்லாம் ஜீரோதானே காட்டுது? நல்லாத்தானே இருக்கு?”

“அதுதான் சார் பிரச்சினை. கேஸ் வந்தாலும் கிட்டத்தட்ட அதையேதான் காட்டும்.”

கொட்டகையை ஒரு சுற்று வந்தேன். கூரைத் தகடுகளின் இணைப்பில் புதிதாகப் பளபளவென்று ஒரு கோடு ஓடியது. மழைக்காலத்துக்கு முன் ஒழுகல் அடைத்திருக்கிறார்கள். மூலையில் காலி டியூப்கள் கிடந்தன, ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தால் வினிகர் வாடை. சிலிக்கோன் சீலன்ட். அது இறுகும்போது ஆவியாகும் சிலிக்கோன் சேர்மங்கள் சூடான மணிமேல் பட்டால் எரிந்து மணலைப் போன்ற சிலிக்காவாகப் படிந்துவிடும். வினையூக்கிக்கும் காற்றுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் போர்வை. அதைக் கழுவவும் முடியாது, சூடாக்கிப் போக்கவும் முடியாது. மிஷின்களுக்கு அடிக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே, கார் டேஷ்போர்டு பாலிஷ், சில கைப்பூச்சுகள் எல்லாம் இதே வேலையைச் செய்யும். ஈயம் இன்னொரு விஷம். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்படும்வரை பெட்ரோல் டெர்மினல்களில் சென்சார் மாற்றி மாளாது என்று என் சீனியர்கள் சொல்வார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடும் குளோரின் கலந்த கரைப்பான்களும் கொஞ்சம் கருணையுள்ளவை. சுத்தக் காற்றில் விட்டால் சென்சார் ஓரளவு தேறி வரும்.

அன்றைக்கு இன்னொரு சோதனையும் செய்தேன், இளையவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதே 21 காட்டிய டிடெக்டருக்கு புரொப்பேன் சிலிண்டரைக் கொடுத்தேன். கிட்டத்தட்ட ஒழுங்காகவே காட்டியது. ஹைட்ரோகார்பன் வாயுக்களில் எரிப்பதற்கு மிகக் கடினமானது மீத்தேன். வினையூக்கி கொஞ்சம் கெட்டாலும் முதலில் பறிபோவது மீத்தேன் உணர்வு. புரொப்பேனோ பென்டேனோ அதற்குப் பிறகும் பல நாள் எரிந்துகொண்டிருக்கும். எல்.பி.ஜி. காலத்துப் பழக்கத்தில் புரொப்பேன் சிலிண்டரையே வைத்து கேலிபரேட் செய்திருந்தால், மீத்தேன் ஓடும் கொட்டகையில் அந்த டிடெக்டர்கள் தேர்ச்சி பெற்றுக்கொண்டே இருந்திருக்கும். சென்சார்களை மாற்றினார்கள். கூரைக்கு பாலியூரித்தேன் சீலன்ட் வந்தது. பெர்மிட் படிவத்தில் ‘டிடெக்டர் உள்ள இடத்தில் சிலிக்கோன் பொருள் உண்டா’ என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த ஒரு வரியை நான் வேலை செய்த எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறேன், எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை.

பெல்லிஸ்டருக்கு இன்னும் இரண்டு ஜீரோக்கள் உண்டு. எரிய ஆக்ஸிஜன் வேண்டும். நைட்ரஜன் நிரப்பிய டாங்குக்குள் எரிவாயு எவ்வளவு இருந்தாலும் மணியில் எதுவும் எரியாது, எல்.இ.எல். ஜீரோ என்று வரும். வாயு அளவுக்கு மீறினாலும் இதே கதை. சாணவாயு மாதிரி 60 சதவீத மீத்தேன் நேரே வந்தால் ரீடிங் ஒருமுறை உச்சத்துக்குப் போய், ஆக்ஸிஜன் போதாமல் சரசரவென்று கீழே விழும். புதிய கருவிகள் அந்த உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கத்தும், பழையவை அப்படிச் செய்யாது. இதனால்தான் தொட்டிக்குள் நுழையும் முன் முதலில் ஆக்ஸிஜன், பிறகு எரிவாயு, பிறகு நச்சு வாயு என்று வரிசையாகப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆக்ஸிஜன் 20.9 இல்லாமல் மற்ற எண்களைப் பேசுவதில் பொருளில்லை. ஆக்ஸிஜன் சென்சாரிலும் பழைய வகைக்கு ஆயுள் இரண்டு வருடம் போல. உள்ளே இருக்கும் ஈயம் ஒவ்வொரு மூச்சுக் காற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும் தீரும்.

நச்சு வாயுக்களுக்கு மின்வேதி சென்சார்கள். சின்னச் சிமிழுக்குள் அமிலம், மெல்லிய சவ்வு, மின்முனைகள். குவைத் கோடையில் அந்த அமிலம் காய்ந்துபோய் சென்சார் மந்தமாகும். சென்னை மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி ஊதி, சில சமயம் கசியும். 2020-ல் கொரோனா வந்தபோது கையில் சானிடைசர் தடவிக்கொண்டு வந்தவர்களால் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் எகிறியது. ஆல்கஹால் ஆவியை அந்த சென்சார் கார்பன் மோனாக்ஸைடு என்றே எடுத்துக்கொள்ளும். கருவி கெட்டுவிட்டது என்று பல இடங்களிலிருந்து போன் வந்தது. கை காய்ந்த பிறகு கருவியைத் தொடுங்கள் என்று சொல்வதே அப்போது சர்வீஸாக இருந்தது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு கேலிபரேஷனில் சிக்கல் பெரும்பாலும் சிலிண்டரில்தான். மீத்தேன் சிலிண்டரில் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அப்படியல்ல, அது எதையாவது தொட்டு வினைபுரியத் துடிக்கும் வாயு. அதனால் அலுமினிய சிலிண்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரெகுலேட்டர், டெஃப்லான் குழாய். பித்தளை ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் வாயுவை வழியிலேயே தின்றுவிடும். தேதி முடிந்த சிலிண்டரில் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) என்று லேபிள் சொல்லும், உள்ளே 17-தான் இருக்கும். ஸ்டோர் கீப்பர் கேட்பார்: “கேஸ் இன்னும் பாதி இருக்கே, ஏன் தூக்கிப் போடணும்?” நியாயமான கேள்வி. 17-ஐ 25 என்று நம்பி சென்சாரை ஏற்றிவிட்டால் கருவி இருப்பதைவிடக் கூடுதல் வாயுவைக் காட்டத் தொடங்கும். ஆபத்தில்லாத பக்கம்தானே என்று தோன்றும். ஆனால் காரணமில்லாமல் தினமும் கத்தும் கருவியை ஆட்கள் அணைத்து வைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நிஜமாகவே கசியும் நாளில் அது யாருடைய பாக்கெட்டிலோ அணைந்து கிடக்கும்.

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரிகளில் குளிரூட்டுவது அமோனியா. மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் அந்தத் தொழிலில் ஆபரேட்டர்களின் மூக்கு கேட்லாக்கில் இல்லாத ஒரு கருவி. ஒரு ஃபேக்டரியில் கம்ப்ரஸர் அறை டிடெக்டரைப் பார்க்கப் போனேன். வயதான ஆபரேட்டர் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, எனக்கு இங்க எப்பவும் லேசா வாடை அடிச்சிக்கிட்டே இருக்கு. உங்க மெஷின் ஜீரோன்னுது. நீங்களே பாருங்க.”

எனக்கும் வாடை வந்தது. அமோனியாவைப் பொதுவாக சில பிபிஎம்மிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். எட்டு மணிநேர வேலைக்கு அனுமதி 25 பிபிஎம் வரை. சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வாயு கொடுத்தேன், ஏறியது. அப்படியானால் இந்த ஜீரோ எங்கிருந்து வந்தது? ஜீரோ ஏர் சிலிண்டரைத் திறந்து சென்சாருக்குச் சுத்தக் காற்று காட்டினேன். திரையில் ஜீரோவே நின்றது. ஆனால் மல்டிமீட்டரில் கரன்ட் 4-க்குக் கீழே இறங்கியது. விஷயம் புரிந்தது. எனக்கு முன்பு வந்தவர், சுத்தக் காற்று சிலிண்டர் கொண்டுவராமல், அந்த அறைக்காற்றிலேயே ‘ஜீரோ’ பட்டனை அழுத்தியிருக்கிறார். அறையில் அன்று இருந்த அமோனியா முழுவதையும் ஒன்றுமில்லை என்று சென்சாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அறையில் 20 பிபிஎம் இருந்திருந்தால் 25-ல் அடிக்க வேண்டிய அலாரம் 45-ல்தான் அடிக்கும்.

சரியாக ஜீரோ வைத்துவிட்டு கப்பைக் கழற்றியதும் ரீடிங் தானாக ஏறி நின்றது. பெரியவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உள்ளே போய் கந்தகக் குச்சியைப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். எரியும் கந்தகப் புகை அமோனியாவைத் தொட்ட இடத்தில் வெள்ளைப் புகையாகத் தடிக்கும். வால்வு வால்வாக, இணைப்பு இணைப்பாகக் காட்டிக்கொண்டே போனார். கம்ப்ரஸர் தண்டின் சீல் அருகே புகை வெண்மையாகத் திரண்டது. கசிவு இருக்கிறது என்று என் கருவி சொல்லும், எங்கே என்று அவர் குச்சி சொல்லும். இரண்டும் வேண்டும். அவருக்குப் பிறகு வருகிறவர்களுக்கு அந்த மூக்கு இருக்காது. வாடையிலேயே பழகியவர்களுக்கு வாடை தெரிவதும் மெல்ல நின்றுவிடும். அமோனியா சென்சாரும் அப்படித்தான், விடாமல் வாயு பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் வேதிப்பொருள் தீர்ந்து சீக்கிரம் ஓய்ந்துவிடும். கசிவை அடைக்காமல் சென்சாரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் செலவு.

என்னை விடாமல் தொந்தரவு செய்யும் இடம் ஒன்றுண்டு. கழிவுநீர். சுத்திகரிப்பு நிலையங்களில் கருவி, பயிற்சி, பெர்மிட் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. அங்கே எங்கள் தலைவலி தொழில்நுட்பமானது. நாம் தலைக்குப் போடும் ஷாம்பூவிலும் கிரீமிலும் இருக்கும் சிலிக்கோன் சாக்கடை வழியாகப் போய் அங்கே உண்டாகும் உயிரிவாயுவில் கலந்து வந்து பெல்லிஸ்டரைக் கெடுக்கும். அதைச் சமாளிக்க வழியுண்டு. வழியில்லாதது தெருவில் திறந்து கிடக்கும் மூடிகளும் அபார்ட்மென்ட் செப்டிக் டாங்குகளும்தான். கையால் கழிவகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் 36-வது பிரிவு, நச்சு வாயு இருக்கக்கூடிய அறைக்குள் சோதனைச் சான்று இல்லாமல் ஆளை அனுப்பாதே என்று எப்போதோ சொல்லிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஆட்கள் இறங்குகிறார்கள். மூடியைத் திறந்து கரப்பான் பூச்சி உயிரோடு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரு பிபிஎம்முக்கும் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை வாடை வரும். 100 பிபிஎம் அருகே மூக்கின் நரம்பே மரத்துப்போய் வாடை நின்றுவிடும். வாடை நின்றதை வாயு போய்விட்டதாக எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. மூக்கும் ஜீரோ காட்டும். அதற்கு மேல் பல நூறு பிபிஎம் போனால் சில மூச்சுகளிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். செய்தித்தாளில் இரண்டு மூன்று பேராகச் செத்துப்போவது இப்படித்தான். மேலே நின்று ஒருமுறை அளந்துவிட்டு இறங்கினாலும் போதாது. அடியில் தேங்கிய சகதியை மண்வெட்டி கிளறியதும் அதற்குள் அடைபட்டிருந்த வாயு மொத்தமாக வெளியே வரும். பத்து நிமிடத்துக்கு முன் எடுத்த ரீடிங் அந்த நொடிக்குப் பொருந்தாது. கருவி நெஞ்சுக்கருகே சட்டையில் மாட்டியிருக்க வேண்டும், வேலை முடியும்வரை ஓட வேண்டும். காலையில் ஒருமுறை வாயு காட்டி, அலாரம் அடிக்கிறதா, விளக்கு மின்னுகிறதா, அதிர்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பம்ப் (bump) டெஸ்ட் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. டெண்டரில் ‘கேஸ் டிடெக்டர் உண்டு’ என்று டிக் அடித்துவிட்டு, கேலிபரேஷன் வாயு வாங்காமல் பீரோவில் பூட்டி வைத்த கருவிகளைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆன் செய்தால் எல்லா வாயுவுக்கும் அழகாக எண் காட்டும். வாயு கொடுத்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு சென்சார் அசையாது. அந்தக் கருவிகளை நான் சரிசெய்து தருவதில்லை. சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு, புதிது வாங்கி வந்தால் மாட்டித் தருகிறேன் என்று திருப்பி அனுப்புகிறேன். சென்சார் இல்லாத கருவி ஃபால்ட் காட்டும். ஃபால்ட் காட்டும் கருவியை யாரும் நம்பி இறங்கமாட்டார்கள்.

இப்போது புதிய ஆலைகள் இன்ஃப்ரா ரெட் டிடெக்டருக்கு மாறுகின்றன. அதில் எதுவும் எரிவதில்லை. வாயு தனக்குரிய அலைநீளத்தில் ஒளியை விழுங்குவதை அளக்கிறது. ஆக்ஸிஜன் தேவையில்லை, சிலிக்கோன் விஷம் ஏறாது, கண்ணாடி அழுக்கானால் தானே ஃபால்ட் சொல்லும். நான் சொன்ன பொய் ஜீரோக்களில் பலவற்றுக்கு அது நல்ல மருந்து, வாங்க முடிந்தவர்களை வாங்கச் சொல்கிறேன். ஆனால் அதற்கு ஹைட்ரஜன் தெரியாது. ஹைட்ரஜன் மூலக்கூறு அந்த ஒளியை விழுங்குவதில்லை, அறை முழுக்க ஹைட்ரஜன் நிரம்பினாலும் அது ஜீரோதான் காட்டும். ஹைட்ரஜன் 4 சதவீதத்திலேயே தீப்பற்றும், பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. போன மாதம் ஒரு பொறியாளர், பேட்டரி அறைக்கு எரிவாயு டிடெக்டர் என்று பொதுவாக எழுதி, இன்ஃப்ரா ரெட் மாடலுக்கு கொட்டேஷன் கேட்டிருந்தார். சார்ஜ் ஏறும் லெட்-ஆசிட் பேட்டரி விடுவது ஹைட்ரஜன். அவருக்குப் பதில் எழுதும்போது பெல்லிஸ்டர் மாடலைப் போட்டேன். கூடவே 2 சதவீத ஹைட்ரஜன் கேலிபரேஷன் சிலிண்டர் ஒன்று, ரெகுலேட்டர் ஒன்று, ஆஸ்-ஃபவுண்ட் எழுத ஒரு கட்டம் உள்ள பதிவேட்டுப் படிவம் ஒன்றையும் பட்டியலில் சேர்த்து அனுப்பினேன்.